47 ரெப்போ, ஒரு டெர்மினல்: எந்தக் கருவியைக் கையில் எடுப்பது?

2022 ஜூலை 18 அன்று, பையில் அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. கொஞ்ச நாளிலேயே எங்கள் பக்கத்து ஆலைகளில் 26 கிலோ சிப்பம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அரிசி ஆலைக்கும் மண்டிக்கும் பாத்திரக் கடைக்கும் பில் மென்பொருள் எழுதித் தரும் எங்களுக்கு, 38 ரெப்போவில் (ரெப்போ என்பது ஒரு மென்பொருளின் கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்) ஒரே மாற்றத்தைச் செய்து அனுப்புகிற வேலை வந்து சேர்ந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருள்களை 5, 18 என்ற இரண்டு அடுக்குக்குள் கொண்டுவந்து, பித்தளைப் பாத்திரம் 12-லிருந்து 5-க்கு இறங்கியபோது ரெப்போ 47 ஆகியிருந்தது. முதல் முறை நான்கு நாள் பிடித்தது, ஒரு ஆலையில் வேலையும் கெட்டது. இரண்டாம் முறை ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டோம். நடுவில் இருந்த மூன்று வருடத்தில், பல ரெப்போக்களை ஒரே டெர்மினலிலிருந்து (கட்டளை அடிக்கும் திரை) மேய்க்கும் கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அந்த அனுபவத்தில் எதை எதற்கு எடுக்கலாம் என்று சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான் கும்பகோணம், ஒரு தம்பி திருவாரூர், மன்னார்குடியிலிருந்து ஒரு தங்கை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ரெப்போ. ஜி.எஸ்.டி. கணக்குப் போடும் பகுதி மட்டும் பலருக்கும் பொது.

“எல்லாத்தையும் ஒரே ரெப்போல போட்டா முடிஞ்சுதே” என்பதுதான் இந்த விஷயத்தைக் கேட்டவுடன் பலரும் சொல்வது. சொல்வதில் நியாயம் உண்டு. கூகுள் தன் கோடில் பெரும்பகுதியை ஒரே களஞ்சியத்தில்தான் வைத்திருக்கிறது. 2016-இல் அவர்களே எழுதிய கட்டுரையின்படி அதில் சுமார் 100 கோடி கோப்புகள், மூன்றரைக் கோடி கமிட்டுகள் (பதிந்து வைத்த மாற்றங்கள்), 86 டெராபைட். ஆனால் அது, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் ஓடவில்லை. அவர்களே கட்டிக்கொண்ட பைப்பர் என்ற அமைப்பில் ஓடுகிறது. கிட்டில் ஒரு ரெப்போவைப் படிக்க ஒருவருக்கு அனுமதி கொடுத்தால் முழு ரெப்போவுக்கும் கொடுத்ததாகத்தான் அர்த்தம். இந்த ஃபோல்டரை இவர் பார்க்கலாம், அதைப் பார்க்கக் கூடாது என்று வரப்பு கட்ட முடியாது. ஸ்பார்ஸ் செக்அவுட் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். அது நம் டிஸ்கில் எந்தெந்த ஃபோல்டர் விரிய வேண்டும் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கும், யார் பார்க்கலாம் என்பதை அல்ல. எங்கள் ஆலைகளில் நான்கு பேர் கோடையும் சேர்த்து விலைக்கு வாங்கியவர்கள். ஒரு ஆலையின் கொள்முதல் கணக்கு முறை பக்கத்து ஆலைக்காரர் கண்ணில் படக் கூடாது. அதனால் எங்களுக்கு இந்த வழி ஆரம்பத்திலேயே அடைபட்டது. எல்லாக் கோடும் உங்கள் சொந்த நிறுவனத்துடையது, எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றால் மட்டும் ஒரே ரெப்போவை முதலில் யோசியுங்கள். அப்படியானவர்களுக்கு மேலே படிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அடுத்து எல்லாரும் கை வைப்பது ஷெல் லூப், அதாவது ஒரே கட்டளைகளை ஒவ்வொரு ஃபோல்டரிலும் திரும்பத் திரும்ப ஓட்டும் குட்டி நிரல். நானும் அதில்தான் தொடங்கினேன். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் சி.டி. போட்டு நுழை, கிட் புல் அடித்து சர்வரில் உள்ள புதியதை இழு, வெளியே வா, அடுத்ததற்குப் போ. நாலு வரி. எந்த லினக்ஸ், மேக் கணினியிலும் கிட்டைத் தவிர வேறு எதையும் நிறுவாமல் ஓடும். ஐந்தாறு ரெப்போ வைத்திருப்பவருக்கு இது தாராளமாகப் போதும்.

கெடுவது எங்கே என்றால், சி.டி. தோற்கும் இடத்தில். ஃபோல்டர் பெயரில் ஒரு இடைவெளி இருந்து, மேற்கோள் குறி போட மறந்திருந்தால் உள்ளே நுழைய முடியாது. ஆனால் லூப் நிற்காது. நின்ற இடத்திலேயே கிட் புல் ஓடும். பிறகு வெளியே வா என்ற வரி உங்களை இன்னும் ஒரு படி மேலே தூக்கிவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ஃபோல்டரும் காணவில்லை என்று சொல்லிக்கொண்டே போகும். திரையில் நூறு வரி ஓடி முடிந்த பிறகு அதில் எதைப் பார்ப்பது? இதற்கு நல்ல மருந்து ஒன்று உண்டு. சி.டி.யையே கைவிட்டு, கிட்டுக்கு மைனஸ் போட்டுப் பெரிய சி எழுத்தும் ஃபோல்டர் பாதையும் கொடுங்கள். 2013-இல் வந்த 1.8.5 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. நின்ற இடத்தை விட்டு நகராமலே அந்த ரெப்போவில் வேலை நடக்கும். புல் செய்யும்போது ஃபாஸ்ட் ஃபார்வர்டு மட்டும் (நம் பக்கம் தனிக் கமிட் இல்லாவிட்டால் மட்டும் இழு) என்ற தேர்வையும் சேருங்கள். இல்லாவிட்டால், பழைய கிட் பதிப்புகளில் நமக்குத் தெரியாமலே எங்காவது இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஒரு மெர்ஜ் கமிட் முளைத்து நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் எனக்கு அடி விழுந்தது. 2022 ஜூலையில் வரி விதிக் கோப்பை 38 ஃபோல்டரிலும் மாற்றிவிட்டு, எல்லாவற்றையும் சேர், கமிட் செய், புஷ் செய் (சர்வருக்கு அனுப்பு) என்று லூப்பை ஓட்டினேன். பிழை எதுவும் வரவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு ஆலையின் கணக்குப்பிள்ளை போன் செய்தார். “தம்பி, எடைமேடைச் சீட்டுல குவிண்டால் கட்டம் காலியா வருது. வாசல்ல ஏழு லாரி நிக்குது.” அந்த ரெப்போவில் சீட்டின் அச்சு வடிவத்தை மாற்றும் வேலை என் லேப்டாப்பில் பாதியில் கிடந்தது. போன வாரம் தொட்டுவிட்டு மறந்தது. வரி மாற்றத்தோடு அதுவும் சேர்ந்து கமிட் ஆகி, ஆலையின் சர்வர் ராத்திரியே அதை இழுத்துக்கொண்டுவிட்டது. கணக்குப்பிள்ளை கையால் எழுதிக் கொடுத்து லாரிகளை அனுப்பினார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

லூப் சொன்னதைச் செய்தது. ஓட்டுவதற்கு முன் எந்த ரெப்போவில் என்ன பாக்கி கிடக்கிறது என்று எனக்குத் தெரியாததுதான் குறை. எங்கள் ஊரில் மடை திறக்கப் போகிறவர் முதலில் வாய்க்கால் ஓரமாக ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார். எங்கே கரை உடைந்திருக்கிறது, யார் வயலில் நாற்று நட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பலகையைத் தூக்குவார். பல ரெப்போக்களை ஒரே கட்டளையால் ஏவும் திறமையைத்தான் எல்லாக் கருவிகளும் பெருமையாகச் சொல்கின்றன. நான் அதை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். ஒரே பார்வையில் எல்லாவற்றின் நிலையும் தெரிகிறதா என்பதுதான் என் முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்கு மிகச் சரியாகப் பதில் சொல்வது கிட்டா. பைத்தானில் எழுதியது, பிப் மூலம் நிறுவலாம். ரெப்போக்களை ஒருமுறை சேர்த்துவிட்டு, கிட்டா எல்.எல். என்று அடித்தால் வரிக்கு ஒரு ரெப்போ வீதம் கீழே இறங்கும். ரெப்போ பெயர், நிற்கும் பிராஞ்ச் (கோடின் கிளை), கடைசிக் கமிட்டின் செய்தி. பிராஞ்ச் பெயரின் நிறம்தான் இதில் உயிர். பச்சை என்றால் நம்மிடம் இருப்பதும் சர்வரில் இருப்பதும் ஒன்று. ஊதா என்றால் நம்மிடம் கூடுதலாக இருக்கிறது, புஷ் பாக்கி. மஞ்சள் என்றால் நாம் பின்தங்கி இருக்கிறோம். சிவப்பு வந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போய்விட்டது, உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் அந்த பிராஞ்சுக்கு சர்வரில் துணையே இல்லை. கமிட்டுக்கு இன்னும் சேர்க்காத மாற்றம் இருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் நிற்கும். நான் முதன்முதலாக இதை ஓட்டியபோது 41 வரியில் பதினொன்றில் நட்சத்திரம். எடைமேடைச் சீட்டைப் போலப் பதினொரு இடத்தில் அரைகுறை வேலை கிடந்திருக்கிறது! அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பச்சை, கடைசியாக ஃபெட்ச் செய்த (சர்வரின் நிலையைக் கேட்டு வாங்கிய) நேரத்துப் பச்சை. ஃபெட்ச் செய்யாமல் நிறத்தை நம்பினால் நேற்றைய நீர்மட்டத்தைப் பார்த்து இன்று ஆற்றில் இறங்கின மாதிரி ஆகிவிடும். முதலில் கிட்டா ஃபெட்ச், பிறகு எல்.எல். இந்த வரிசை மாறக் கூடாது.

கிட்டாவிடம் எனக்குப் பிடிக்காதது அதன் பட்டியல் இருக்கும் இடம். அது அவரவர் ஹோம் ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. என் லேப்டாப்பில் 47 என்றால் தம்பியின் லேப்டாப்பில் 44, தங்கையிடம் 46. ஃப்ரீஸ் என்ற கமாண்ட் பட்டியலை எழுதித் தரும், அதைக் கொண்டு இன்னொரு கணினியில் குளோன் செய்துகொள்ளலாம் (முழுப் பிரதி எடுக்கலாம்). ஆனாலும் யாராவது ஒருவர் நினைவு வைத்து அதைச் செய்ய வேண்டும். தனி ஆளுக்குக் கிட்டா மிக நல்ல துணை, குழுவுக்கு அது மட்டும் போதாது.

பட்டியலை ஒரு கோப்பாக எழுதி, அந்தக் கோப்பையே ஒரு ரெப்போவில் வைத்து எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்பவை இரண்டு. பழையது மைரெப்போஸ், புதியது மணி. (மணியடிக்கிற மணி இல்லை, கருவியின் பெயரே அப்படி ஒலிக்கிறது.)

மைரெப்போஸை எழுதியவர் ஜோயி ஹெஸ். பெர்ல் மொழியில் எழுதியது. டெர்மினலில் எம்.ஆர். என்ற இரண்டெழுத்தாக அழைப்போம். டெபியன், உபுண்டுவில் நேரடியாகவே கிடைக்கும். ஒரு கட்டமைப்புக் கோப்பு. அதில் ஒவ்வொரு ரெப்போவுக்கும் ஒரு பத்தி, எங்கிருந்து குளோன் செய்ய வேண்டும் என்று ஒரு வரி. புதுக் கணினியில் அந்தக் கோப்பை வைத்து எம்.ஆர். செக்அவுட் கொடுத்தால் எல்லாம் இறங்கிவிடும். நீங்கள் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்களோ அதற்குக் கீழே உள்ளவற்றில்தான் கட்டளை ஓடும். ஆலைகளை ஒரு ஃபோல்டரிலும் பாத்திரக் கடைகளை இன்னொன்றிலும் வைத்திருந்தால், ஆலை ஃபோல்டரில் நின்று கொடுத்த கட்டளை கடைகளைத் தொடாது. கிட் மட்டுமல்ல, அதே வேலையைச் செய்யும் சப்வெர்ஷன், மெர்க்குரியல் எல்லாம் இதற்குத் தெரியும். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் கோட் எங்களிடம் இன்னும் சப்வெர்ஷனில்தான் இருக்கிறது, அதையும் இதே கூரைக்குள் கொண்டுவந்தோம்.

எனக்கு இதில் மனதுக்கு நெருக்கமானது இன்னொரு வசதி. எம்.ஆர். ஆஃப்லைன் என்று சொல்லிவிட்டால், நெட் இல்லாமல் தோற்றுப்போகும் கட்டளைகளை அது குறித்து வைத்துக்கொள்ளும். எம்.ஆர். ஆன்லைன் என்று சொல்லும்போது விட்டுப்போனவற்றைத் திரும்ப ஓட்டும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோது, தங்கையின் ஊர்ப் பக்கம் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. தென்னைகள் கம்பி மேல் சாய்ந்து கிடந்தன. கிட் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றை வைத்திருப்பதால் நெட் இல்லாமலும் கமிட் செய்துகொண்டே போகலாம். புஷ் செய்யாத கமிட்டோ அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அதுவும் போச்சு.

மைரெப்போஸின் குறை விண்டோஸ். எங்களில் ஒருவர் விண்டோஸ்காரர், அவருக்கு இதை ஒழுங்காக ஓடவைக்க நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தேன். அதோடு அந்தக் கட்டமைப்புக் கோப்பில் எழுதுவது ஷெல் வரி. யாரோ கொடுத்த கோப்பை அப்படியே ஓட்டினால் யாரோ எழுதிய கட்டளை நம் கணினியில் ஓடும். அதனால்தான் ஹோம் ஃபோல்டரில் நாம் வைத்த கோப்பைத் தவிர மற்றவற்றை நம்பலாம் என்று தனியாக ஒரு பட்டியலில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. அந்தக் கண்டிப்பு சரியானதுதான்.

மணி கோ மொழியில் எழுதியது, ஒரே பைனரி. விண்டோஸிலும் ஓடுகிறது. பட்டியல் யாமல் என்ற எளிய எழுத்துக் கோப்பில். மணி இனிட் கொடுத்தால் இருக்கும் ரெப்போக்களைத் தானே தேடிக் கோப்பை எழுதித் தந்துவிடும், மணி சிங்க் கொடுத்தால் இல்லாதவற்றைக் குளோன் செய்யும். இதன் பலம் டேக். ஒவ்வொரு ரெப்போவுக்கும் ஆலை, மண்டி, பாத்திரம் என்று அடையாளம் ஒட்டுகிறோம். அடிக்கடி செய்யும் வேலைகளுக்குப் பெயர் வைத்து அதே கோப்பில் எழுதுகிறோம். 2025 செப்டம்பரில் பாத்திரக் கடை டேக் உள்ள 14 ரெப்போவில் மட்டும் சோதனைகளை ஓட்டு என்று ஒரே வரியில் சொன்னோம். விடை அட்டவணையாக வந்தது, இரண்டு கடைகளில் மட்டும் பழைய வரி விகிதம் கோடுக்குள்ளேயே புதைந்திருந்தது கண்ணில் பட்டது. ஓட்டாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் தேர்வும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அந்த யாமல் கோப்பைக் காட்டினாலே எங்கள் தொழில் முழுவதும் புரிந்துவிடும். நெட் போனால் நினைவு வைத்துக்கொள்ளும் வசதி மட்டும் இதில் இல்லை.

கூகுள் ஆண்ட்ராய்டுக்காக எழுதிய ரெப்போ என்ற கருவியைப் பற்றிக் கேட்பார்கள். நூற்றுக்கணக்கான ரெப்போக்களை ஒரு எக்ஸ்.எம்.எல். பட்டியலில் எழுதி, எது எந்தப் பதிப்பில் நிற்க வேண்டும் என்று சொல்லி, மொத்தமாக இழுக்கிற கருவி அது. கெரிட் என்ற மறுஆய்வு சர்வரோடு சேர்ந்து வாழப் பிறந்தது. கெரிட் இல்லாத மூன்று பேர் கடைக்கு அது கோயில் தேரை வீட்டு வாசலில் நிறுத்துவது போல. மெட்டா என்று நோடு சார்ந்த ஒன்றும் உண்டு, ஜாவாஸ்கிரிப்டிலேயே வாழ்பவர்கள் பார்க்கலாம். கிட்டுக்குள்ளேயே 2.30 பதிப்பில் ஃபார் ஈச் ரெப்போ என்ற கட்டளை வந்தது. நிலையைக் காட்டும் அழகெல்லாம் அதில் கிடையாது, பராமரிப்பு வேலைகளைப் பின்னணியில் ஓட்டத்தான் அது பிறந்தது.

ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவைப் பொருத்தும் சப்மாட்யூலைத் தனியாக வைத்துப் பேச வேண்டும். பலரும் இதை மேலே சொன்ன கருவிகளோடு ஒரே தட்டில் வைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். கிட்டா, மைரெப்போஸ், மணி மூன்றும் தனித்தனி ரெப்போக்களை மேய்ப்பவை, ஒன்றை ஒன்றோடு கட்டுவதில்லை. சப்மாட்யூல் கட்டுகிறது. தாய் ரெப்போவுக்குள் குழந்தை ரெப்போவின் குறிப்பிட்ட ஒரு கமிட்டின் எண்ணை எழுதி வைக்கிறது. இந்த ஆலையின் மென்பொருள், வரிக் கணக்கு நூலகத்தின் (பலருக்கும் பொதுவான அந்தக் கோட் பகுதியின்) இந்தக் கமிட்டோடுதான் ஓடும் என்று உறுதி வேண்டுமானால் அது சரியான இடம். எங்கள் வரி நூலகத்தை 31 ரெப்போவில் அப்படித்தான் வைத்தோம். ஒவ்வொரு வாடிக்கையாளரும் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அதன் விலையையும் கொடுத்தோம். சப்மாட்யூல் அப்டேட் செய்ததும் குழந்தை ரெப்போ எந்த பிராஞ்சிலும் நிற்காது, தலை கழன்ற நிலையில் நிற்கும். அது தெரியாமல் தம்பி அங்கேயே திருத்தி, கமிட்டும் செய்தான். அடுத்த அப்டேட்டில் அந்தக் கமிட் கண்ணிலிருந்து மறைந்தது. கிட் வைத்திருக்கும் நடமாட்டப் பதிவான ரெஃப்லாக்கைத் தோண்டி எடுத்தோம். இன்னொரு நாள் தாயை மட்டும் புஷ் செய்துவிட்டுக் குழந்தையை மறந்தோம். சர்வரில் தாய் தேடும் கமிட் எங்குமே இல்லை. புஷ் செய்யும்போது சப்மாட்யூலையும் சரிபார் என்று கிட்டுக்கு நிரந்தரமாகச் சொல்லி வைத்தால் இது நடக்காது, நாங்கள் பட்ட பிறகு சொல்லி வைத்தோம். நூலகத்தில் ஒரு வரி மாறினால் 31 தாயிலும் 31 கமிட். இன்று புதிதாகத் தொடங்கினால் அந்த நூலகத்தை மொழியின் பேக்கேஜாகவே வெளியிட்டு, ஒவ்வொரு ரெப்போவிலும் பதிப்பு எண் எழுதுவேன். பேக்கேஜ் வழி இல்லாத மொழிக்கு மட்டும் சப்மாட்யூல்.

எந்தக் கருவியானாலும் இணையாக ஓட்டும்போது ஒரு இடறல் காத்திருக்கிறது. 47 ஃபெட்சையும் ஒரே நேரத்தில் விட்டால் எங்கள் சொந்த கிட் சர்வர் சிலவற்றைக் கதவிலேயே திருப்பி அனுப்பியது. வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழையும் வழியான எஸ்.எஸ்.எச். சர்வரின் இயல்பான அமைப்பில், உள்நுழைவு முடியாமல் காத்திருக்கும் இணைப்பு 10-ஐத் தொட்டதும் புதியவற்றில் சிலவற்றைத் தள்ளிவிடத் தொடங்கும். காரணம் தெரியாமல் எங்கள் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் ஐந்து என்று கட்டுப்படுத்தியதும் சரியாகிவிட்டது. மைரெப்போஸில் மைனஸ் ஜே போட்டு 5 என்றால் போதும். எஸ்.எஸ்.எச். சாவிக்குக் கடவுச்சொல் இருந்தால், சாவியை நினைவில் வைத்துக்கொள்ளும் ஏஜென்ட்டில் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஐந்து இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கடவுச்சொல் கேட்கும்.

ஆகவே என் தேர்வு இப்படி. ஐந்தாறு ரெப்போ, ஒரே ஆள்: பெரிய சி போட்ட லூப். பத்துக்கு மேல் போய், இன்னும் ஒரே ஆள் என்றால் கிட்டா. குழுவாக வேலை, ஆளுக்கொரு இயங்குதளம் என்றால் மணி. எல்லாரும் லினக்ஸ், நெட் அடிக்கடி போகும், பழைய சப்வெர்ஷனும் கையில் இருக்கிறது என்றால் மைரெப்போஸ். நாங்கள் மூன்று பேரும் பட்டியலுக்கு மணியை வைத்துக்கொண்டோம். என் லினக்ஸில் பார்ப்பதற்குக் கிட்டா கூடவே இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. ஃபெட்ச், ஸ்டேட்டஸ் போன்ற படிக்கும் கட்டளைகளை 47-லும் தாராளமாக ஓட்டுகிறோம். எல்லாவற்றையும் சேர்த்துக் கமிட் செய்யும் வரி எங்கள் யாமலில் இல்லை. மாற்றிய கோப்பின் பெயரைச் சொல்லித்தான் சேர்க்கிறோம், புஷ்ஷை டேக் டேக்காகத்தான் அனுப்புகிறோம்.

மணியில் நாங்கள் எழுதி வைத்த வேலைகளில் ஒன்றின் பெயர் மழை. கிட் லாக்குக்கு எல்லா பிராஞ்சும், ரிமோட்டில் இருப்பவை நீங்கலாக என்று சொன்னால், எந்த சர்வருக்கும் போய்ச் சேராத கமிட்டுகளை மட்டும் அது வரிசையாகக் காட்டும். அதோடு ஸ்டாஷ் பட்டியலையும் சேர்த்துவிட்டோம், ஒதுக்கி வைத்த வேலை இந்தத் தேடலில் வராது என்பதால். வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்த அன்று சாயந்திரம் மூன்று பேரும் அதை ஓட்டுகிறோம். தங்கையின் திரையில் போன வாரம் இரண்டு வரி வந்தது. புஷ் செய்துவிட்டு “இப்ப காலி அண்ணே” என்று செய்தி அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் லேப்டாப்பை மூடிப் பரண் மேல் வைத்தாளாம்.